எதிர்த்தாப்பல இருக்கிற கோர்ட்டு

நாற்காலியில கிடக்கிற அந்தத் தொப்பிய மட்டும் எடுத்து என்கிட்ட குடுத்துட்டு உக்காருங்க தம்பி. இல்ல இல்ல, தரையில போடாதீங்க. குடுங்க இப்படி. ஆங், இப்ப உக்காருங்க. அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும். பத்து வருசமா ஆடிக்கிட்டுதான் இருக்கு, யாரும் விழுந்ததில்ல.

இந்த வருசம் என்னை விசாரிக்கிற அஞ்சாவது ஆளு நீங்க. மத்த நாலு பேரும் போன்லயே முடிச்சுக்கிட்டாங்க. சூப்புக் கம்பெனி குடுத்த காகிதக் கட்டுல பின்னாடி ஒரு லிஸ்ட் இருக்குமே, கடைய விட்டுட்டுப் போனவங்க பேரும் போன் நம்பரும் போட்டு, அதப் பாத்துதானே வந்தீங்க? லஹ்டி, ஆர்வோ. நிஸ்கா ஹார்பர், மிச்சிகன்னு என் பேரும் இருக்கும். அதப் போட்டே ஆகணும்னு சட்டம் தம்பி. கம்பெனி பேர்ல புதுசா கடை எடுக்க வர்றவன், போனவனக் கூப்பிட்டு ஏன்யா போனேன்னு கேட்டுக்கலாம். செத்தவன்கிட்டயே போய் எப்படிச் செத்தேன்னு கேக்கிற மாதிரி. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லல.

கார்ல இருக்கிறது யாரு, உங்க வீட்டம்மாவா? எஞ்சின அணைச்சிட்டு வந்திருக்கீங்க, குளிருமே. உள்ள வரச் சொல்லுங்களேன். ஓ. சரி சரி. வழியெல்லாம் சண்டையா. எஸ்கனாபாவுலேர்ந்து ரெண்டு மணி நேரம் ஒரே கார்ல வந்தா யாருக்குத்தான் சண்டை வராது. தோணும்போது வரட்டும். நீங்க காபி குடிங்க. இது நிசு ரொட்டி, ஏலக்காய் போட்டது. நான் சுட்டதுதான், அதான் கெட்டியா இருக்கு. காபியில முக்கிச் சாப்பிடுங்க. லோரீன் எழுதி வெச்ச அளவுதான், அவ கையில வந்தது எனக்கு வரமாட்டேங்குது.

லோரீன் என் வீட்டுக்காரி. மார்ச் மாசம் போயிட்டா. பரவால்ல தம்பி, உங்களுக்கென்ன தெரியும். நீங்க கேக்க வந்ததக் கேளுங்க.

சூப்பா? சூப்பு நல்ல சூப்புதான். பை பையா உறைய வெச்சு வரும், சூடு பண்ணி ஊத்தணும், அவ்வளவுதான் வேலை. கம்பெனியோட அந்தப் பச்சைக் கரண்டி போர்டுக்குக் கீழ ஆறு வருசம் ஊத்தினேன். அதுக்கு முன்னாடி நான் பள்ளிக்கூடத்துல பாய்லர் பாத்துக்கிட்டிருந்தேன், அவ அங்கயே சமையல்ல. ரெண்டு பேரும் ஒரே மாசத்துல ஓய்வு வாங்கிட்டு இந்தக் கடைய எடுத்தோம். நல்லா ஓடுச்சு. ஆறு மாசம் பனி பெய்யிற ஊர்ல சூப்பு விக்கத் திறமை வேற வேணுமா. அவ கல்லாவுல நிப்பா, நான் உள்ள. வர்ற ஆளு ஒவ்வொருத்தனையும் அவளுக்குச் சின்னப் புள்ளையிலேர்ந்து தெரியும். ஏன்டா காய் சாப்பிட மாட்டேன்னு அழுவியே, இப்ப காசு குடுத்துக் காய் சூப்பு குடிக்கிறியான்னு கேட்டுக்கிட்டே ஊத்துவா.

ஏன் விட்டேனா? நான் எங்க விட்டேன். பதினஞ்சாம் தேதி விட வெச்சிடுச்சு.

சிரிக்கிறீங்க பாருங்க, இந்தப் பக்கத்து ஆளுதான் நீங்க. வெளியூர்க்காரன்கிட்ட சொன்னா, பதினஞ்சாம் தேதி அப்படி என்ன விசேசம்னு கேப்பான். நவம்பர் பதினஞ்சு மான் வேட்டை தொடங்குற நாளு, அன்னைக்கிப் பள்ளிக்கூடமே கிடையாதுய்யான்னு சொன்னா நம்பமாட்டான். பல் டாக்டர் இல்ல, வங்கி இல்ல, சர்ச்சுப் பாதிரியாரே துப்பாக்கியத் தூக்கிட்டுக் காட்டுக்குள்ள போயிடுவாரு. அன்னைக்கி நான் யாருக்கு சூப்பு ஊத்துறது? ஆறு வருசமும் சாத்தினேன். லோரீன் ஒரு அட்டையில எழுதிக் கதவுல தொங்கவிடுவா: மான் வேட்டைக்குப் போயிருக்கோம், நாளைக்கு வாங்க, உங்களுக்கும் நல்லதா ஒண்ணு மாட்டட்டும்.

போன வருசம் அன்னைக்கிப் பாத்து கம்பெனியிலேர்ந்து சோதனைக்கு ஒருத்தர் வந்திருக்காரு. ஃபுளோரிடாக்காரரு, அவரையும் சொல்லிக் குத்தமில்ல. கதவத் தட்டியிருக்காரு. பக்கத்துக் கடையத் தட்டியிருக்காரு. தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. ஊரே காலி பண்ணிட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சாரோ என்னவோ, அந்த அட்டையப் போட்டோ புடிச்சுக்கிட்டுப் போயிட்டாரு.

பத்தாம் நாள் கடுதாசி வந்துச்சு. வருசத்துல ரெண்டே நாள்தான் சாத்தலாம், கிறிஸ்துமஸ் ஒண்ணு, நன்றி சொல்ற நாள் ஒண்ணு. கேக்காம வேற நாள் சாத்தினா கடையக் கைவிட்டதா அர்த்தம், கைவிட்டா ஒப்பந்தம் அந்த நிமிசமே முடிஞ்சுபோகும். எந்தப் பக்கம், எத்தனாவது ஷரத்துன்னு நம்பரும் போட்டிருந்தான். எடுத்துப் பாத்தேன், இருந்துச்சு. அடியில என் கையெழுத்தும் இருந்துச்சு.

சூப்பு வண்டி வர்றது நின்னுபோச்சு. போர்ட எறக்குன்னாங்க. கோவத்துல நான் எறக்கல. வழக்குப் போட்டுட்டாங்க. எங்கன்னு நெனக்கிறீங்க? ஃபுளோரிடாவுல. அதுவும் ஒப்பந்தத்துலயே இருக்கு, என்ன தகராறுன்னாலும் கம்பெனி இருக்கிற ஊரு கோர்ட்டுலதான்னு. அதுக்கும் சேத்துதான் நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்.

அந்தக் கட்டக் கொண்டாந்திருக்கீங்கல்ல? குடுங்க இப்படி. இதோ, மேலட்டையத் தாண்டி மூணாவது தாளு. மிச்சிகன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கா? படிங்க. சத்தமா வேணாம், எனக்கு மனப்பாடம். இந்த மாதிரி ஒப்பந்தங்கள்ல சில அநியாயமான ஷரத்து சில சமயம் இருக்கும், அத இந்த மாநிலம் தடை பண்ணியிருக்கு, கீழ சொல்ற எது உள்ள இருந்தாலும் செல்லாது, உங்க மேல அத அமல்படுத்த முடியாது. யாரு அச்சடிச்சுக் குடுக்கிறது? கம்பெனிதான். உள்ள அநியாயம் இருந்தாலும் இருக்கும்னு வாசல்ல அவனே எழுதி ஒட்டிட்டு, உள்ள வாங்கங்கிறான். மாநிலம் ஒட்டச் சொல்லுது, ஒட்டுறான். படிக்கமாட்டோம்னு அவனுக்குத் தெரியும்.

இன்னும் கீழ வாங்க. தகுந்த காரணம் இல்லாம பாதியில முடிக்க முடியாது. தப்புன்னா எழுத்துல சொல்லணும், திருத்திக்க நாள் குடுக்கணும். ஆச்சா? அதுக்கும் கீழ. வழக்க இந்த மாநிலத்துக்கு வெளியதான் நடத்தணும்னு எழுதியிருந்தா, அதுவும் செல்லாது. விரல வெச்சுக்கிட்டிருக்கீங்களே, அதே வரிதான்.

நான் படிக்கலையா? மெத்தையில ஒரு துணித்துண்டு தச்சிருப்பான்ல, கிழிக்காதீங்கன்னு? இதுவும் அந்த மாதிரி எதுவோன்னு புரட்டிவிட்டுட்டேன். லோரீன்தான் கண்டுபிடிச்சா, ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு.

கணையத்துல கட்டி. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரந்தான் தெரிஞ்சுது. கடைக் கவலையில வயித்துவலின்னு நெனச்சுக்கிட்டிருந்தோம். ஜனவரியில சேத்தாச்சு. படிக்க என்ன கொண்டாரட்டும்னு கேட்டேன், கதைப் புஸ்தகம் எதாவது கேப்பான்னு. அந்த ஒப்பந்தக் கட்டக் கொண்டாங்கிறா. அப்பவே அவ எடை பாதி போயிருந்துச்சு. மூக்குக் கண்ணாடி நிக்கல, வழுகி வழுகி வரும், புடிச்சுக்கிட்டே ரெண்டு நாள் படிச்சா. மூணாம் நாள் நான் கோட்டக்கூடக் கழட்டல, ஆர்வோ, இங்க வா, இதப் பாருன்னா. திருத்திக்க நாள் குடுக்கணுமாம்டா நமக்கு. நாமதான் பதினாறாம் தேதி காலையில ஆறு மணிக்கே தொறந்து திருத்திட்டோமே. அப்புறம் சன்னலக் காட்டி, நீ ஃபுளோரிடாவுக்கெல்லாம் போகவேணாம், எதிர்த்தாப்பலயே பேசிக்கலாம்னா.

எதிர்த்தாப்பலன்னா நெசமாவே எதிர்த்தாப்பல தம்பி. அவ அறை மூணாவது மாடி. சன்னலுக்கு நேரா கவுன்டி கோர்ட்டு. சிவப்புக் கல்லுக் கட்டடம், வாசல்ல ஏழு படி. நடுவுல ஒரே ஒரு தெரு.

நான் ஒத்துக்கல.

எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது. எங்க ஆளுங்க ஃபின்லாந்துலேர்ந்து சுரங்கத்துக்கு வந்தவங்க. வீம்புதான் சொத்து. கையெழுத்துப் போட்டா போட்டதுதான். என் தலையில யாரும் துப்பாக்கிய வெச்சுப் போடச் சொல்லல. நல்லாருக்கும்போது பல்லக் காட்டிட்டு, கெட்டுப்போனதும் அது செல்லாது இது செல்லாதுன்னு சட்டத்துக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிட்டா நான் என்ன ஆம்பளைன்னு கேட்டேன். அவ சொன்னா, கையெழுத்து உன்னுது ஆர்வோ, அது செல்லுமா செல்லாதாங்கிறது உன்னுது இல்ல. நீயே வந்து செல்லட்டும்னு கெஞ்சினாலும் செல்லாதுன்னு எழுதி வெச்சிருக்கான். உன்ன மாதிரி மரமண்டைய யாரோ ஒருத்தன் முன்னாடியே பாத்திருக்கான்.

பக்கத்துக் கட்டில் பொம்பளைகூடச் சிரிச்சுது. நான் சிரிக்கல.

எனக்குப் பயமும் இருந்துச்சு, மறைப்பானேன். இன்ன தேதியில வரலன்னா உன் பக்கம் கேக்காமலே தீர்ப்பாயிடும்னு கம்பெனி வக்கீல் எழுதியிருந்தான். வக்கீல்கிட்ட போறதுக்கு எனக்குக் கூச்சம். பாய்லர் பாத்தவன், ஒரு தாளக் கையில வெச்சுக்கிட்டுப் போய், இது செல்லாதாமே சார்னு எப்படிக் கேக்கிறது. சிரிப்பாங்கன்னு தோணுச்சு.

லோரீன் சொன்னதுதான் சரி. நூத்துக்கு நூறு சரி. ஏப்ரல்ல இங்க ஒரு வக்கீலம்மாகிட்ட காட்டினேன். இதுக்கா இவ்வளவு நாளுன்னாங்க. ஒரே பக்கம் கடுதாசி எழுதினாங்க கம்பெனிக்கு, அந்த ரெண்டு வரியையும் எடுத்துப் போட்டு. மூணே வாரம். வழக்க வாபஸ் வாங்கிட்டாங்க. பெரிய மனசு பண்ணி, வேணும்னா கடையத் திரும்பத் தொறந்துக்கங்கன்னும் எழுதினாங்க. அந்தக் கடுதாசி இன்னும் அந்த டிராயர்ல கிடக்கு.

தொறந்திருக்கலாம்தான். கல்லாவுல யாரு நிக்கிறது?

உங்க வீட்டம்மா என்ன சொல்றாங்க இந்தக் கடையப் பத்தி? கையெழுத்துக்கு முன்னாடி வக்கீல்கிட்ட காட்டணும்னாங்களா. ம். நீங்க என்ன சொன்னீங்க? நானே படிச்சுட்டேன்னீங்களா. அதுக்குத்தான் சண்டையா. தப்பா எடுத்துக்காதீங்க, சிரிப்பு வருது. கடைய எடுக்கவேணாம்னு நான் சொல்லமாட்டேன் தம்பி. சூப்பு நல்ல சூப்பு. ஆனா அந்தத் தாள அவங்க கையில குடுங்க. அவங்க படிக்கும்போது பக்கத்துல உக்காருங்க.

ஃபுளோரிடாவுக்கா? போனேன், போனேன். மார்ச் மாசம் ஒரு வியாழக்கிழமை. விசாரணைன்னு சொல்றாங்களே, பத்து நிமிசம் தம்பி. கம்பெனி வக்கீல் சின்னப் பையன், ரொம்ப மரியாதை, கையக் குலுக்கினான், பிரயாணம் சௌகரியமான்னு கேட்டான். உள்ள போனதும் எழுந்திருச்சு எங்களுக்கு இன்னொரு தேதி வேணும்னான். மே மாசத்துக்குத் தள்ளிப் போட்டாங்க. என் பேரக் கூப்பிட்டாங்க, இருக்கேன்னேன். அவ்வளவுதான் நான் பேசினது. அதுக்கு ஆயிரத்தைநூறு மைல்.

லோரீன் எப்படிப் போக விட்டானு கேக்கிறீங்களா? அவளுக்குத் தெரியாது, நான் அங்க போனது.

மார்ச் பொறந்ததும் அவளுக்குச் சாப்பாடு எறங்கல. நான் போய் உக்காந்ததும், வக்கீல்கிட்ட பேசிட்டியா ஆர்வோ, கோர்ட்டு விசயம்னு கேப்பா. இல்லன்னு சொன்னா மூஞ்சியச் சுவத்துப் பக்கம் திருப்பிக்குவா. தெனமும் இது. ஒரு நாள் என்னால தாங்க முடியல. பேசிட்டேன், நீ சொன்னதுதான் சரியாம், இங்கயே மாத்திட்டாங்க, வியாழக்கிழமை காலையில எதிர்த்தாப்பலயேன்னு சொல்லிட்டேன். வாயில வந்துடுச்சு. அவ சிரிச்சா பாருங்க. சொன்னேன்லடா மரமண்டைன்னு, ரெண்டு மாசமா நான் பாக்காத சிரிப்பு. அதுக்கு அப்புறம் எப்படிப் போய் இல்லங்கிறது?

படி ஏறும்போது மேல பாத்துக் கைய ஆட்டுன்னா. ஆட்டுறேன்னேன். இங்கேர்ந்து பாத்தா எல்லாத் தலையும் ஒண்ணாத்தான் தெரியுதுன்னா. அதுக்காகப் புதன்கிழமை சாயங்காலம் இத எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். இதேதான், இந்தத் தொப்பி. காட்டுல ஆள மான்னு சுட்டுடக்கூடாதுன்னு வேட்டைக்குப் போடுற ஆரஞ்சு, எந்தப் பனியிலயும் தெரியும். இதப் போட்டுட்டு வர்றேன், பாத்துக்கன்னேன். சரி, போய்த் தூங்கு, நாளைக்கு ஒளறாமப் பேசுன்னா. தூங்கப் போறேன்னு சொல்லிட்டு நேரா விமானம் ஏறப் போயிட்டேன். அவளுக்கு இன்னும் மூணு வாரம் இருக்குன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. வெள்ளிக்கிழமை வந்துடலாம், எங்கடா காணோம்னு கேட்டா, பின்வாசல் வழியாப் போகச் சொல்லிட்டாங்கன்னு எதாவது சொல்லிக்கலாம்னு கணக்குப் போட்டேன்.

அந்தப் பத்து நிமிசம் முடிஞ்சு வெளிய வர்றேன், போன் அடிக்குது. நர்ஸ் டானா. கோர்ட்டு முடிஞ்சுதா மிஸ்டர் லஹ்டி, எதிர்லதானே இருக்கீங்க, சட்டுனு ஏறி வந்துடுங்கங்குது. எனக்கு முன்னாடி பனைமரம் நிக்குது. வெயில் சுடுது. கோட்டுப் பைக்குள்ள கைய விட்டா இந்தத் தொப்பி. அந்தப் புள்ளைக்கு என்ன பதில் சொன்னேன்னு இன்னைக்கி வரைக்கும் ஞாபகம் வரல.

செல்லாத கையெழுத்துக்காக அவ்வளவு தூரம் போனேன் தம்பி. அவளுக்குக் குடுத்த வார்த்தைக்கு ஒரு தெருவத் தாண்ட முடியல.

அடக்கம் முடிஞ்சதும் டானா வந்து சொல்லுச்சு. காலையில எட்டு மணிக்கே கட்டிலச் சன்னல் பக்கம் திருப்பச் சொல்லிட்டாளாம். தலைமாட்ட ஒசத்தி வெச்சுக்கிட்டு, கண்ணாடியப் புடிச்சுக்கிட்டு அந்தப் படியவே பாத்துக்கிட்டிருந்தாளாம். மருந்து போட்டா தூக்கம் வரும், அப்புறம் போட்டுக்கிறேன்னாளாம். வலியோட. ஒம்போதரைக்கு ஆரஞ்சுத் தொப்பி போட்ட ஒருத்தன் படியில நின்னுக்கிட்டு, இந்தப் பக்கம் யாருக்கோ கைய ஆட்டியிருக்கான். எங்க ஊர்ல பாதித் தலையில அந்தத் தொப்பிதானே. இவளும் கையத் தூக்கி ஆட்டியிருக்கா. பாரு டானா, என் மரமண்டை வந்துட்டான்னு சொல்லிட்டு, இப்ப மருந்தப் போடுன்னாளாம். அவ்வளவுதான்.

அவன் யாருன்னு தெரியாது. சின்ன ஊரு, ரெண்டு பேர்கிட்ட விசாரிச்சா தெரிஞ்சிடும். விசாரிக்கல. அவனுக்கு நன்றி சொல்றதா, அவன் கால்ல விழுறதான்னு எனக்குத் தெரியல. இன்னும் மூணு வாரத்துல பதினஞ்சாம் தேதி, ஊரு முழுக்க ஆரஞ்சாத் திரியும். நான் இந்த வருசம் காட்டுக்குப் போகல, வெளியவே போகல.

ரொட்டிய வெச்சிடுங்க, பரவால்ல. அந்தத் தாள மட்டும் மடிச்சிடாதீங்க. உங்க வீட்டம்மா கார்லேர்ந்து இந்தச் சன்னலத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க. ரொம்ப நேரமாப் பாத்துக்கிட்டிருக்காங்க. போய்க் கூட்டிட்டு வாங்க தம்பி. எழுந்திருக்கும்போதே, இங்க நின்னு, முதல்ல ஒரு கைய ஆட்டிட்டுப் போங்க.